புறக்கடை அடுப்பும் பிள்ளையின் மூச்சும்

(ஊத்துக்குளியில் நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"சின்னக் குழந்தைகளை ஆரோக்கியமாகவும் இயற்கைக்குக் கெடுதல் இல்லாமலும் வளர்ப்பது எப்படி" என்று என்னைப் பேசச் சொன்னார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஏனுங்க்கா, நேத்துச் சாயந்திரம் கூட என் பையன் அஞ்சு ரூபாய் பாக்கெட் கேட்டு ரோட்டுல உருண்டு அழுதானே, நான் போய் என்னத்தைப் பேசறது?" என்று கேட்டேன். "அதையே சொல்லு கண்ணு, அது போதும்" என்றார் செயலாளர் அக்கா. அதனால் எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்தவள் பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். தப்புப் பண்ணி, பாதியைத் திருத்திக்கொண்டு, மீதியோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் பேசுகிறேன்.

முதலில் என் அடுப்புக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் புறக்கடையில் ஒரு வெந்நீர் அடுப்பு இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இருக்கும். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் டெய்லர். மாதம் ஒருமுறை கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வருவார். விறகை விட மலிவு. தீக்குச்சியைக் காட்டினால் குப்பென்று பிடிக்கும். அடியில் இரண்டு பால் கவரைப் போட்டுவிட்டால் மழை நாளில்கூட ஊத வேண்டிய வேலை இல்லை. காலையில் 5 மணிக்குப் பற்ற வைத்தால் ஆறு பேரும் குளித்து முடிக்க 7 மணி ஆகும். மார்கழிக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று, அந்த இரண்டு மணி நேரமும் என் மகளை அடுப்புக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்திருப்பேன். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது.

அவளுக்கு இளைப்பு வந்தது. முதலில் சளி என்று நினைத்தோம். கற்பூரவள்ளி கொடுத்தோம், தைலம் தேய்த்தோம். ஒரு ராத்திரி விலா எலும்புக்கு நடுவில் குழி விழ, பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் மூன்று தடவை நெபுலைசர் வைத்தோம். மூன்று தடவையும் சம்பளம் போனது, பொழுது போனது. மூன்றாவது தடவை பார்த்த டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். "வீட்ல யாராவது பீடி, சிகரெட் குடிக்கிறாங்களா? கொசுவர்த்தி கொளுத்துறீங்களா? குளிக்கத் தண்ணி எதுல காய வைக்கிறீங்க?"

முதல் இரண்டுக்கும் இல்லை என்று சொன்னேன். மூன்றாவதுக்கு எனக்கு வாய் வரவில்லைங்க.

நாம் தைக்கிற துணி எல்லாம் பருத்தி என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. அது பழைய கதை. இன்றைக்குக் கம்பெனியில் பாலியஸ்டர் ஓடுகிறது, லைக்ரா ஓடுகிறது, மேலே ரப்பர் பிரிண்ட் போடுகிறார்கள், எலாஸ்டிக் வைக்கிறார்கள். பாலியஸ்டரும் ஒரு பிளாஸ்டிக்தான். சுத்தப் பருத்தி வேஸ்ட்டுக்கு விலை இருக்கிறது. மறுபடி நூலாக்குவதற்கு மில்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். நமக்கு மலிவாகக் கிடைக்கும் மூட்டை பெரும்பாலும் யாரும் வாங்காத கலப்படம்தான் என்பதை, எட்டு வருடம் அதே துணியைக் கையில் பிடித்துப் பிடித்துச் செக் பண்ணிய நான் யோசிக்கவே இல்லை.

அதை எரித்தால் வருகிற கரும்புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்தூள் இருக்கிறது. அது மூக்கிலேயே நின்றுவிடாது, நுரையீரலின் அடி வரைக்கும் போகும். சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற நஞ்சும் உண்டாகிறது. அந்த நஞ்சு சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் நான் கீரைப் பாத்திக்கு உரம் என்று தூவிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் நாம் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். கைக்குழந்தை 30 தடவைக்கு மேல் விடும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதன் உடம்புக்குத் தக்கபடி பார்த்தால் நம்மைவிடப் பிள்ளைதான் புகையை அதிகம் குடிக்கிறது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல நாங்க எரிக்காததையா நீ எரிச்சுட்டே?" என்றார். "அத்தை, நீங்க எரிச்சது பருத்திமாரும் தென்ன மட்டையும். நாம இப்ப எரிக்கிறது கம்பெனிக் குப்பை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து போனபோது, பக்கத்துத் தோப்பில் பொறுக்கிய மட்டையும் பன்னாடையும் அடுப்படியில் அடுக்கி இருந்தது.

விறகுப் புகையும் நல்லதில்லைதான். அதனால் இன்னும் இரண்டு மாற்றம் செய்தோம். அடுப்பு எரியும் நேரத்தில் சின்னதுகள் புறக்கடைப் பக்கமே வரக்கூடாது, கதவைச் சாத்திவிட வேண்டும். பிள்ளைகளுக்கு வெந்நீரே காய்ச்சுவதில்லை. கறுப்பேறிய பெரிய அலுமினியப் போசியில் தண்ணீர் நிரப்பி, மூடி, காலையில் வெயிலில் வைத்துவிடுவார் மாமியார். 12 மணிக்குத் தொட்டுப் பார்த்தால் குழந்தைக்கு ஊற்றும் பதத்தில் இருக்கும். நம் ஊர் வெயிலுக்குப் பைசா கிடையாது, புகையும் கிடையாது. மப்பு மந்தாரமான நாளில் மட்டும் கேஸ் அடுப்பில் அரைக் குடம் சுட வைக்கிறோம்.

இதைச் சொல்லும்போது எனக்கு நொய்யல் ஞாபகம் வருகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேருகிற ஆறு. ஒரத்துப்பாளையம் அணை நமக்கு ஒன்றும் தூரமில்லை. 1992-ல் திறந்தபோது பாசனத்துக்கு என்று சொன்ன அணையில் சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. கிணறு உப்பாச்சு, தென்னை காய்ப்பு நின்றது, மாடு வாய் வைக்காத தண்ணீர் ஆனது. விவசாயிகள் வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. அந்த மாதங்களில் வேலை குறைந்து நாம் பட்ட பாடும் நமக்குத் தெரியும். பிழைப்பும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் இழுபட்டவர்கள் நாம்.

சாயப்பட்டறைக்காரர்களை நானும் வாய் நிறையத் திட்டியவள்தான். என் புறக்கடையில் நானே ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஆற்றுக்காக நீதிமன்றம் போகலாம். என் வீட்டு அடுப்பை மூட எந்த நீதிபதி வருவார்? நான்தான் மூட வேண்டும்.

அடுத்தது டயப்பர்.

ஊர் உலகத்துக்கெல்லாம் பருத்தி பனியன் தைத்து அனுப்புகிறோம். நம் பிள்ளை இடுப்பில் மட்டும் பிளாஸ்டிக்கைக் கட்டுகிறோம். நம் குழு நோட்டில் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 டயப்பர், இரண்டு வருடம் என்றால் 3,650 டயப்பர். ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலும் 36,500 ரூபாய். இதற்காக யாராவது குழுவில் உள்கடன் கேட்டால் கொடுப்போமா? ஆனால் நூறும் இருநூறுமாகப் போகும்போது யாருக்கும் தெரிவதில்லை.

பையன் பிறந்தபோது, ஒரு டயப்பர்கூட வாங்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். பழைய பருத்தி பனியனை நாலாக மடித்துத் தைத்து முப்பது துணி வைத்திருந்தேன். வீட்டில் இருந்தவரை நடந்தது. வேலைக்குத் திரும்பியதும் போச்சுங்க. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி 8.30-க்குக் கிளம்பி வீட்டுக்கு வந்தால், மூலையில் பதினைந்து ஈரத் துணி. குழாயில் அந்த வாரம் தண்ணீர் வரவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் ஒரு பெரிய பாக்கெட் டயப்பர் வாங்கி வந்தேன். அதற்காக நான் வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை. பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று அம்மாக்காரி ஒடிந்து விழுந்தால், அந்தப் பிள்ளையை யார் காப்பாற்றுவார்கள்?

கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தோம். பகலில் துணி. ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் டயப்பர். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் இரண்டு வருடத்தில் 730. ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. செலவும் 7,300-க்கு இறங்கியது. காற்றுப் பட்டதால் இடுப்பில் வந்த சிவப்பும் அடங்கியது. இன்னொன்று, என் மாமியார் செய்தது. பிள்ளை தூங்கி எழுந்ததும், பால் குடித்துச் சித்த நேரம் ஆனதும், காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு பாதத்துக்கு நடுவில் அவனை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார். நம் ஆத்தாக்கள் எல்லோரும் செய்ததுதான். ஒன்றரை வயதில் அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான். டயப்பரைக் குறைத்தது என் சபதம் அல்ல, அந்தக் கால்கள்தான்.

போட்ட டயப்பரை என்ன செய்வது? நான் முன்பு ஓடைப் பக்கம் வீசியிருக்கிறேன். உள்ளே இருக்கும் பசை மாதிரிப் பொருள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். நாய் இழுத்துக் கிழித்துத் தெரு முழுவதும் போடும். எரித்தால் மறுபடியும் அதே புகை. 2019 ஜனவரி 1-லிருந்து நம் அரசு 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்திருக்கிறது. மஞ்சப்பைக்குத் திரும்பச் சொல்கிறது. ஆனால் டயப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. அது நம் பொறுப்புத்தான். எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளிக்கொண்டு வரும் தூய்மைக் காவலரும் ஒரு குழு உறுப்பினர்தான். அவர் ஒருநாள் சொன்னார். "அக்கா, நீங்க கவர்ல கட்டிப் போட்டுடறீங்க. அதைக் கையை விட்டுப் பிரிக்கிறவ நானு. அப்படியே வந்துதான் நானும் சோறு திங்கோணும்." அன்றைக்குப் பிறகு மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டயப்பரை இறுக்கிச் சுருட்டி, பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு கோடு போட்டுத் தனியாகத்தான் கொடுக்கிறேன். இரண்டு நிமிட வேலை.

இனி சாப்பாடு. இதில் உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை சர்க்கரை, உப்பு, தேன் வேண்டாம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவுக்குத்தான். நாட்டுச்சர்க்கரை என்றாலும் அதுவும் சர்க்கரைதான், அள்ளிப் போடக்கூடாது. அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை கொடுக்கும் சத்துமாவை வாங்கி வந்து எருமைக்குக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இங்கே கையைத் தூக்க வேண்டாம். நானும் ஊற்றியிருக்கிறேன். ஊத்துக்குளி வெண்ணெய்க்கு அப்படி நானும் உதவி இருக்கிறேன்! இப்போது அந்த மாவை வறுத்துக் கொஞ்சம் வெல்லப்பாகில் உருட்டிக் கொடுத்தால் பையன் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறான்.

அந்த அஞ்சு ரூபாய் பாக்கெட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கம்மஞ்சோறு இருக்கிறது, தட்டப்பயிறு இருக்கிறது, மரத்தில் கொய்யா இருக்கிறது. பிறகு ஏன் பாக்கெட்? வாங்கிக் கொடுத்துப் பழக்கியது நான்தான். ராத்திரி நேரம் கழித்து வரும் அம்மா, நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்கவில்லையே என்ற உறுத்தலில் கையில் ஏதாவது கொண்டு வருகிறாள். அந்தப் பாக்கெட் தீனி இல்லைங்க, அது நான் கட்டுகிற அபராதம். இது புரிந்த பிறகு, வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் பத்து நிமிடம் அவனோடு திண்ணையில் உட்காருகிறேன். கையில் எள்ளுருண்டை இருக்கும், இல்லாவிட்டால் பயிறு இருக்கும். முழுக் கடலை மட்டும் ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பாக்கெட் நின்றுவிட்டதா என்றால் இல்லை. தினமும் இருந்தது இப்போது வாரத்தில் இரண்டு நாள். நேற்று அழுதது மூன்றாவதுக்கு.

நம் பெருமையையும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அங்கே உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் காய்கறிச் சாம்பாரும் சமைப்பது யார்? நம் குழுப் பெண்கள். டீயும் வர்க்கியும் வயிற்றில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்றைக்குச் சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் ஒரு அம்மா தனியாக மாரடித்தால் முடியாதது, பெண்கள் சேர்ந்து ஒரு அடுப்பைப் பற்ற வைத்தபோது நடந்தது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஏனென்றால் "இயற்கையா வாழுங்க" என்று யார் சொன்னாலும், அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். துணி துவைப்பது அம்மா. மாவு வறுப்பது அம்மா. குப்பை பிரிப்பது அம்மா. பிள்ளைக்கு இளைப்பு வந்தால் "நீ என்ன பண்ணுனே?" என்று கேட்பதும் அம்மாவைத்தான். ஏற்கெனவே இரண்டு சுமை தூக்குகிறவளுக்கு மூன்றாவது சுமைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அது நல்லதாகிவிடுமா? எங்கள் வீட்டில் இப்போது காலை அடுப்பு வீட்டுக்காரர் வேலை. டயப்பரைச் சுற்றி வைப்பதும் அவர்தான். முதல் வாரம் முகம் சுளித்தார். பிறகு பழகிக்கொண்டார். மெஷினில் ஒரு நாளைக்கு எத்தனையோ பீஸ் அடிக்கிற கைக்கு இது ஒரு வேலையா?

அதனால் அறிவுரை எதுவும் சொல்லாமல், கூட்டமைப்பின் முன்னால் மூன்று கோரிக்கையை வைக்கிறேன். தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டால் சந்தோஷம்.

ஒன்று. கட்டிங் வேஸ்ட்டையும் பிளாஸ்டிக்கையும் வீட்டு அடுப்பில் எரிப்பதில்லை என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தோடு விடாமல், மொத்தமாக மட்டையும் விறகும் வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுக்க வேண்டும். மாற்று வழி இல்லாமல் "எரிக்காதே" என்று மட்டும் சொன்னால், மூட்டை மறுபடி வீட்டுக்கு வந்துவிடும்.

இரண்டு. அங்கன்வாடி சாயந்திரத்துக்குள் மூடிவிடுகிறது. கம்பெனி ஷிப்ட் ராத்திரி வரை ஓடுகிறது. நடுவில் இருக்கும் நேரத்தில் மாமியார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகும்? எனக்கு மாமியார் இருந்ததால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். வேலைக்குப் போகாத மூத்த உறுப்பினர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெருவுக்கு ஒரு வீட்டில், அவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியுமா என்று கூட்டமைப்பு பேச வேண்டும்.

மூன்று. சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். இதைத் தனியாகப் போய்க் கேட்டால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். கூட்டமைப்பாகக் கேட்டால் நாம் ஒருத்தி இல்லை.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இளைப்பு முழுவதும் போய்விட்டது என்று மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். புகையால் மட்டும்தான் வந்தது என்றும் டாக்டரம்மா சொல்லவில்லை. போன மார்கழியில் ஒரே ஒரு தடவை மருந்து உறிஞ்ச வேண்டி வந்தது. மூன்று ஒன்றாகி இருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டில் கரும்புகை எழுந்தபோது அவளே காம்பவுண்ட் சுவரில் ஏறி நின்று, "பெரியம்மா, அதைக் கொளுத்தாதீங்க, எனக்கு மூச்சு வராது" என்று கத்தினாள். அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாமல் அன்றைக்கே அடுப்பை அணைத்தார்.